சார்பு, செயற்கூறு, ஃபங்ஷன்

திண்டிவனத்தில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவரிடம், 'செயற்கூறு என்றால் என்ன, தம்பி?' என்று கேட்டேன். மூச்சு விடாமல் வரையறையை ஒப்பித்தார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு முழு மதிப்பெண் பெறத்தக்க விடை அது. 'அப்படி ஒன்றைப் பைத்தானில் எழுதிக் காட்டுங்கள்' என்றதும் தயக்கமின்றி எழுதினார். இரு எண்களைப் பெருக்கும் சிறிய செயற்கூறு; இயக்கியதும் திரையில் சரியான விடை வந்தது. 'இந்த விடையிலிருந்து நூறு ரூபாயைக் கழித்துச் சொல்லச் செய்யுங்கள்' என்றேன். அவர் கழித்தல் குறியையும் நூறையும் சேர்த்து மீண்டும் இயக்கினார். கணினி பிழைச்செய்தி ஒன்றைக் காட்டி நின்றுவிட்டது.

'திரையில் விடை சரியாகத்தானே சார் வந்தது? அப்புறம் ஏன் கழிக்க மாட்டேன் என்கிறது?' என்றார் அவர்.

மிக நல்ல கேள்வி. செயற்கூறு என்ற கருத்தின் உயிர்நிலை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆனால், தேர்வில் யாரும் இதைக் கேட்பதில்லை. மனப்பாடம் செய்த வரையறைக்குள்ளும் இதற்கு விடை இல்லை.

விடையைத் தேடும் முன், அடிப்படையிலிருந்து தொடங்குவோம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்லப்படும் நிலக்கடலையையே எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடுதான் நாடெங்கும் அறியப்படுகின்றன. அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். 'டி.எம்.வி. 7' என்று சொன்னால் போதும். அது கொத்தாகக் காய்க்குமா, எத்தனை நாளில் விளையும் என்பதையெல்லாம் விவசாயிக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஒரு பெயருக்குள் அவ்வளவும் அடங்கிவிடுகிறது. செயற்கூறின் முதல் பயனும் இதுவே: பல வரிகளில் சொல்ல வேண்டிய வேலைக்கு ஒரு பெயர் வைத்தல்.

மணிலா விற்கும் விவசாயியின் கணக்கு எளியது. மூட்டைகளின் எண்ணிக்கையை ஒரு மூட்டையின் விலையால் பெருக்க வேண்டும். பைத்தானில் அதை இப்படி எழுதலாம்:

டெஃப் தொகை(மூட்டை, விலை):
    ரிடர்ன் மூட்டை * விலை

'டெஃப்', 'ரிடர்ன்' ஆகிய இரண்டும் மொழிக்கு உரிய சொற்கள். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் தொகை, மூட்டை, விலை என்பவை நாம் வைத்த பெயர்கள். இவற்றைத் தமிழ் எழுத்துகளிலேயே எழுதலாம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் அதற்கு இடமுண்டு. பல ஆசிரியர்களுக்கே இது வியப்பான செய்தியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். (பைத்தான் என்ற பெயருக்கும் மலைப்பாம்புக்கும் தொடர்பில்லை என்பதும் அப்படித்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட இம்மொழிக்கு, 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் பெயரை வைத்தார்.)

முதல் வரியின் முடிவிலுள்ள முக்காற்புள்ளி 'இனி வருவது இதன் உடல்' என்று அறிவிக்கிறது. இரண்டாம் வரி சற்று உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது; வழக்கமாக நான்கு இடைவெளி. இது அழகுக்காக அன்று. வேறு பல மொழிகளில் அடைப்புக்குறி செய்யும் வேலையைப் பைத்தானில் இந்த வெற்றிடம் செய்கிறது. உள்ளே தள்ளி எழுதப்பட்டவை செயற்கூறுக்கு உரியவை. மீண்டும் இடது விளிம்புக்கு வந்துவிட்டால் செயற்கூறு முடிந்தது என்று பொருள்.

இந்த இரு வரிகளை மட்டும் எழுதி இயக்கினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. புதிதாகக் கற்பவர்கள் பலர் இங்கே ஏமாந்து போகிறார்கள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லி வைப்பது வேறு. அதைச் செய் என்று கட்டளையிடுவது வேறு. 'தொகை(12, 7000)' என்று அழைத்தால்தான் வேலை நடக்கும்; 84,000 என்ற மதிப்பு கிடைக்கும்.

வரையறையில் உள்ள மூட்டை, விலை ஆகியவற்றைப் பாடநூல் 'அளபுருக்கள்' என்கிறது. அழைக்கும்போது தரும் 12, 7000 ஆகியவற்றைச் 'செயலுருபுகள்' என்கிறது. இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்காத மாணவர் அரிது. வீட்டில் அரிசி அளக்கும் படியை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வெறும் படி அளபுரு. இன்று அதில் கொட்டிய அரிசி செயலுருபு. படி ஒன்றுதான், அதில் கொட்டும் அரிசி ஒவ்வொரு முறையும் வேறு.

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். அவர் தம் செயற்கூறில் 'ரிடர்ன்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'பிரிண்ட்' என்று எழுதியிருந்தார். பிரிண்ட் விடையைத் திரையில் காட்டும். ரிடர்ன் விடையை அழைத்தவரிடம் கொடுக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இந்தச் சிக்கல். கடைக்காரர் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்து நமக்குக் காட்டிவிட்டுக் கல்லாவிலேயே போட்டுக்கொண்டால், தொகை சரியாக இருந்தென்ன? நம் கைக்கு வராத காசைக் கொண்டு பேருந்தில் பயணச்சீட்டு வாங்க முடியாது. மாணவர் எழுதிய செயற்கூறும் விடையைக் காட்டியது, கொடுக்கவில்லை. எதையும் கொடுக்காத செயற்கூறிடமிருந்து பைத்தான் பெற்றுக்கொள்வது 'நன்' என்ற தனி மதிப்பு. 'ஒன்றுமில்லை' என்பது அதன் பொருள். ஒன்றுமில்லாததிலிருந்து நூறைக் கழிக்கச் சொன்னால் கணினி மறுக்கிறது. அதன் தரப்பு நியாயமானதே.

கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை இன்னொரு படி மேலே சென்று பார்க்கலாம். விவசாயிக்குச் செலவுகள் உண்டு. மூட்டைக்கு 30 ரூபாய் சுமைக்கூலி, வண்டி வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

டெஃப் கழிவு(மூட்டை, வாடகை, கூலி=30):
    ரிடர்ன் மூட்டை * கூலி + வாடகை

கழிவு(12, 1500) என்று அழைத்தால் 1,860 கிடைக்கும். இப்போது, 'தொகை(12, 7000) - கழிவு(12, 1500)' என்று ஒரே வரியில் எழுதினால், கையில் மிஞ்சும் 82,140 ரூபாய் கிடைத்துவிடும். இரு செயற்கூறுகளும் தத்தம் விடையைக் கொடுத்ததால்தான் மூன்றாவது கணக்கு சாத்தியமாயிற்று. இந்த மூன்றாவது கணக்கையும் ஒரு செயற்கூறாக்கிப் பெயர் வைக்கலாம். அதை நான்காவது ஒன்றில் பயன்படுத்தலாம். வங்கிகளிலும் ரயில் முன்பதிவிலும் இயங்கும் மாபெரும் மென்பொருள்களும் இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவைதான்.

'கூலி=30' என்று எழுதியதைப் பாடநூல் 'தானமைவு' என்று குறிப்பிடுகிறது. எதுவும் சொல்லாவிட்டால் முப்பது என்று எடுத்துக்கொள்ளும். விழுப்புரத்தில் கூலி முப்பது, திண்டிவனத்தில் முப்பத்தைந்து என்றால், திண்டிவனம் கணக்குக்கு மட்டும் 'கழிவு(12, 1500, 35)' என்று அழைத்தால் போதும், 1,920 வரும். நாளை விழுப்புரத்திலும் கூலி உயர்ந்தால் ஓரிடத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். செயற்கூறு இல்லாமல் அந்த முப்பதை நாற்பது இடங்களில் எழுதியிருந்தால் முப்பத்தொன்பது இடங்களில் மாற்றிவிட்டு ஒன்றை மறந்துவிடுவோம். அந்த ஒன்று யாரோ ஒருவரின் பணம்.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கழிவு(1500, 12) என்று வரிசை மாற்றி அழைத்தால் கணினி முகம் சுளிக்காது. ஆயிரத்து ஐந்நூறு மூட்டை, பன்னிரண்டு ரூபாய் வாடகை என்று எடுத்துக்கொண்டு 45,012 என்ற விடையைக் கொடுத்துவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. பிழைச்செய்தி வரும் தவறைவிட, வராத தவறே ஆபத்தானது. 'கழிவு(மூட்டை=12, வாடகை=1500)' என்று பெயரோடு எழுதினால் இந்த ஆபத்து நீங்கும். அளபுருக்களுக்கு 'அ', 'ஆ' என்று பெயர் வைக்காமல் பொருளுள்ள பெயர் வைப்பதன் அருமையும் அப்போது புரியும்.

செயற்கூறுக்குள் பிறக்கும் பெயர்கள் வெளியே தெரியா என்பதையும் மாணவர்கள் முதலில் ஒரு தொல்லையாகவே எண்ணுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு வருவது சோறும் குழம்பும்தான். சமையற்கட்டின் கரண்டியும் கரித்துணியும் அல்ல. அதுபோலச் செயற்கூறுக்குள் 'மொத்தம்' என்று ஒரு பெயர் வைத்தால், அது அதற்குள்ளேயே நின்றுவிடும்; வெளியே வேறொருவர் வைத்திருக்கும் 'மொத்த'த்தோடு மோதாது. பலர் சேர்ந்து ஒரே மென்பொருளை எழுத முடிவது இந்த மறைப்பினால்தான்.

இந்தச் சிந்தனை பைத்தானோடு பிறந்ததன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்ற கணினியில், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் தனித்தனிக் காகிதச்சுருளில் துளையிட்டுப் பேழையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியவர் அதை எடுத்துத் தம் சுருளோடு சேர்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் கணினி அழைத்த இடத்துக்கே திரும்பி வருவதற்கான உத்தியை வகுத்தவர் டேவிட் வீலர் என்ற இளம் ஆய்வாளர். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் இதைப் பற்றி எழுதிய நூலே, நிரல் எழுதுவது குறித்து வெளிவந்த தொடக்க கால நூல்களில் முதன்மையானது. 'ரிடர்ன்' என்ற சொல்லில் இன்றும் அந்தத் திரும்பி வருதலின் பொருள் தங்கியிருக்கிறது.

மேலே சொன்னவற்றில் எதுவுமே பதினேழு வயது மாணவருக்குக் கடினமானதன்று. அப்படியிருக்க, நன்றாகப் படிக்கும் மாணவரும் ஏன் தடுமாறுகிறார்? காரணம் மாணவரிடம் இல்லை என்பதே என் கருத்து. ஒரே பொருளை மூன்று வகுப்புகளில் மூன்று பெயர்களில் நாம் அவருக்கு அறிமுகப்படுத்துகிறோம். மூன்றும் ஒன்றுதான் என்று ஒருவரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தருவது சார்பு என்று அங்கே படிக்கிறார். ஒரு சார்பின் விடையை மற்றொரு சார்புக்குள் செலுத்தும் 'சார்புகளின் சேர்ப்பு' என்பதையும் அங்கேயே படித்துக் கணக்குப் போடுகிறார். இரண்டு ஆண்டு கழித்துக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடத்தில் அதுவே 'செயற்கூறு' என்ற பெயரில் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கில வழி மாணவருக்குச் சொல்லே பாலமாகிவிடுகிறது. தமிழ் வழி மாணவருக்கு அந்தப் பாலத்தை ஆசிரியர்தான் கட்டித்தர வேண்டும். திண்டிவனத்து மாணவரிடம், 'பத்தாம் வகுப்பில் படித்த சார்பு இதுதான். சேர்ப்புக் கணக்கில் உள்சார்பு விடையைக் கொடுக்காமல் கரும்பலகையில் எழுதிவிட்டு மட்டும் போனால் வெளிச்சார்பு என்ன செய்யும்?' என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டும் முற்றிலும் ஒன்று என்று சொல்லிவிடவும் கூடாது. கணிதச் சார்பு விடையைத் தருவதோடு நின்றுவிடும். நிரலின் செயற்கூறு விடை தருவதோடு, திரையில் எழுதலாம், கோப்பை அழிக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். பிரிண்ட் அத்தகைய பக்க வேலைதான். சார்பிலிருந்து தொடங்கினால் இந்த வேறுபாட்டையும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

சொல்லைக் குறை கூறுவது என் நோக்கமன்று. செயற்கூறு நல்ல சொல்தான். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் இதற்கு 'நிரல்பாகம்' என்று பெயர். 'ரிடர்ன்' என்பதற்கு அவர் வைத்த சொல் 'பின்கொடு'. காட்டுவதையும் கொடுப்பதையும் குழப்பிக்கொள்ள வழியே வைக்காத சொல் அது. அச்சிடுவதற்கு அங்கே 'பதிப்பி' என்ற தனிச்சொல் உண்டு. எழில் பைத்தானின் மேலேயே கட்டப்பட்டது என்பது கூடுதல் சுவை. அதில் யாரும் வேலைக்குச் சேரப் போவதில்லை என்று ஒதுக்குவோர் உண்டு. கருத்தைப் புரியவைக்க ஒரு வகுப்பு நேரம் அதைப் பயன்படுத்தினால் குறைந்து போவதென்ன?

2019-20 கல்வியாண்டில் பிளஸ் 2 வகுப்புக்குப் பைத்தானைக் கொண்டுவந்தது தமிழ்நாடு எடுத்த நல்ல முடிவு. ஆனால் அந்த நூலின் முதல் பாடத்தில் செயற்கூறு விளக்கப்படுவது பைத்தானில் அன்று. 'லெட்' என்று தொடங்கும் வேறொரு குறிமுறையில். பைத்தானின் செயற்கூறுகள் ஏழாம் பாடத்தில்தான் வருகின்றன. கருத்தை மொழியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசிரியர் குழுவின் எண்ணம் புரிகிறது; கல்லூரி மாணவருக்கு அது பொருந்தவும் செய்யலாம். ஆனால், வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு, தட்டச்சு செய்து பார்க்க முடியாத நிரலைக் கொண்டு முதல் பாடத்தைத் தொடங்குவது மனப்பாடத்துக்கே அழைப்பு விடுக்கிறது.

மூன்றாவது பெயர் கல்லூரியில் காத்திருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் பைத்தான் உண்டு, ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு அங்கே செயற்கூறு 'ஃபங்ஷன்' ஆகிறது. அளபுரு 'பாராமீட்டர்' ஆகிறது. (நம் ஊர்ப் பேச்சில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்தோ வளைகாப்போ என்பது வேறு கதை.) தாம் அறிந்ததையே அறியாததாக எண்ணி, முதல் மாதத்திலேயே கடைசி இருக்கைக்குப் போய்விடுகிற மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். நான்காம் ஆண்டில் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனம் வரையறையைக் கேட்பதில்லை. 'ஒரு செயற்கூறு எழுதுங்கள், இதைக் கொடுத்தால் அதைத் தர வேண்டும்' என்றுதான் கேட்கிறது. அங்கே பிரிண்ட் என்று எழுதினால் திரையில் விடை சரியாக இருந்தாலும், சரிபார்க்கும் நிரலுக்குக் கிடைப்பது 'ஒன்றுமில்லை'தான். மதிப்பெண்ணும் அதுவே.

இந்த இடைவெளியை அரசு மட்டும்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள் கட்டற்ற மென்பொருள்களைக் கிராமப்புற மாணவர்களிடம் கொண்டுசேர்ப்பதோடு, பைத்தான் உள்ளிட்டவற்றைக் கட்டணமின்றிக் கற்பித்தும் வருகிறார்கள். 2012-இல் தொடங்கப்பட்ட 'கணியம்' இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே எழுதி வருகிறது. பைத்தானும் விலையின்றிக் கிடைப்பதே. பழைய மடிக்கணினி ஒன்றிருந்தால் போதும்.

'செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு?' என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அது எழுதித் தருவதும் செயற்கூறுகளாகத்தான் வருகிறது. உள்ளே என்ன போக வேண்டும், வெளியே என்ன வர வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கே அது பயன்படும். 45,012 என்ற விடை வந்தால் பன்னிரண்டு மூட்டைக்கு அது சாத்தியமா என்று ஐயப்படவும் ஒருவர் வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பத்தாம் வகுப்புச் சார்பையும் பிளஸ் 2 செயற்கூறையும் இணைக்கும் ஒரு பக்கத்தைப் பாடநூலில் சேர்க்கலாம். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அருகில் கல்லூரியில் எதிர்ப்படப்போகும் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தரலாம். 20 மதிப்பெண் செய்முறைத் தேர்வில், ஒரு செயற்கூறை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், அதன் விடையை எடுத்து இரண்டாவது செயற்கூறுக்குக் கொடுக்கச் சொல்லலாம். பிரிண்ட் என்று எழுதியவர் அந்த இடத்திலேயே தம் தவற்றைக் கண்டுகொள்வார்.

திண்டிவனத்து மாணவர் அன்று மாலையே பிரிண்ட்டை நீக்கிவிட்டு ரிடர்ன் என்று எழுதினார். நூறு ரூபாய் கழிந்தது. பிறகு நெல்லுக்கும் தனியே ஒரு செயற்கூறு வேண்டுமா, மணிலாவுக்கு எழுதியதே போதுமா என்று கேட்டார். 'அதே தொகைதானே சார், மூட்டையும் விலையும்தானே வேறு?' என்று தாமே விடையும் சொல்லிக்கொண்டார்.